மகுடவர்மரின் அடிக்கல் பைத்தியம்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை மகுடவர்மர் என்கிற ராஜா ஆண்டுவந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். ராஜா நல்ல மனிதர்தான், ஆனால் அடிக்கல் நாட்டுவதில் ஒரு பைத்தியம். வெள்ளிக் கரண்டியால் சாந்தை அள்ளிக் கல்லில் தடவும்போது மேளம் முழங்க வேண்டும், பூ மாரி பொழிய வேண்டும். அதோடு சரி. பிறகு அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார். கட்டடம் எழுப்புவது நகரசபையின் பாடு.

நகரசபைத் தலைவர் கனகசபாபதிக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. விழா நிதியில் எவ்வளவு செலவானாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. மாலை அவருடைய மச்சான் கடையில், பந்தல் அவருடைய மருமகன் கையில். கட்டட நிதி மட்டும் எப்போதும் கழுவிக் கவிழ்த்த சட்டிதான்.

அந்த ஊரில் ஏழைப் பிள்ளைகள் படிக்க ஒரு கல்லூரி இருந்தது. மொத்தமே ஒரு கூடம். மழை வந்தால் பாதிப் பேர் புத்தகத்தை மடியில் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். அதை விரிவாக்கப் போவதாக ராஜா வருஷம் தவறாமல் அடிக்கல் நாட்டினார். முற்றம் முழுக்கக் கல்லாக நின்றது. பிள்ளைகள் அதில் துணி துவைத்தார்கள். உடனே கனகசபாபதி, மன்னர் நாட்டிய கல்லில் கை வைத்தால் கை போகும் என்று சட்டம் போட்டார். துணி துவைக்கவும் வழியில்லாமல் போயிற்று.

ஒருநாள் அவை விகடகவி தாண்டவராயன் அந்தப் பக்கம் போனபோது, தேவானை என்கிற உப்பளத்துப் பெண் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன தாயி, ஊருக்கா?"

"ஆமாங்க. சத்திரத்துல இனிமே தங்கக் கூடாதுன்னுட்டாங்க. பட்டினியோட எத்தனை நாளைக்குத்தான் படிக்கிறது? எங்க ஊர்ல உப்பு வெயில்ல கண்ணு கெட்டுப்போன சனம் நிறைய. வைத்தியம் படிச்சிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். இப்ப எந்த மூஞ்சியோட போறதுன்னு தெரியல."

"கொஞ்சம் பொறு. ராஜாகிட்ட பேசிட்டு வர்றேன்," என்றான் தாண்டவராயன்.

"போன வருஷமும் பேசினீங்க. இன்னொரு கல்லு வந்துச்சு," என்றாள் அவள்.

தாண்டவராயன் நேரே அரண்மனைக்குப் போய், கல்லூரியைக் கட்டித்தர வேண்டும் என்று ராஜாவிடம் கேட்டான். ராஜா தன்னைவிட இந்தக் கோமாளி பேச்சைக் கேட்கிறாரே என்று நெடுநாளாக வெந்துகொண்டிருந்த கனகசபாபதி, முந்திக்கொண்டு எழுந்தார்.

"மன்னர் பெருமானே, கட்டட நிதியில் காசு இல்லை. விகடகவிக்கு அவ்வளவு அக்கறை இருந்தால், அந்த நிதியைத் தொடாமல் அவரே கட்டிக் காட்டட்டும். மழைக்காலத்துக்குள் முடியாவிட்டால் கல்லூரியை மூடிவிட்டு அங்கே யானைக் கொட்டாரம் அமைக்கலாம்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் போதும். "நல்ல பந்தயம். தோற்றால் நீரும் நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான், தாண்டவராயரே."

"சித்தம் மகாராஜா. ஆனால் எந்தக் கட்டடமும் அடிக்கல்லில்தானே தொடங்க வேண்டும்? இம்முறை அந்த விழாவை அடியேன் நடத்த அனுமதிக்க வேண்டும்."

ராஜாவின் முகம் மலர்ந்தது. "அனுமதித்தோம். செலவுக்கு நகரசபை குறை வைக்கலாகாது."

கனகசபாபதி மீசைக்குள் சிரித்தார். ஒரு கல், ஒரு மாலை, தொலையட்டும் சனியன் என்று நினைத்தார்.

மறுநாள் மேளம் முழங்க ராஜா கல்லை நாட்டிவிட்டுக் கரண்டியை நீட்டினார். தாண்டவராயன் வாங்கவில்லை. "மகாராஜா, பக்கத்திலேயே இன்னொன்று."

"ஒரே நாளில் இரண்டா?" ராஜாவுக்கு வாயெல்லாம் பல். பிறகு மூன்றாவது, நான்காவது என்று நாலு பக்கமும் வரிசை வளர்ந்தது. அடுத்த நாள் அந்த வரிசையின் மேலேயே கல்லை வைக்கச் சொன்னதும் ராஜா யோசித்தார்.

"கல்லின் மேல் கல்லா?"

"இதற்கு மேல் வரப்போகிற கல்லுக்கு இதுதானே அடியில் இருந்து தாங்கும், மகாராஜா?"

அதற்குள் மேளம் தொடங்கிவிட்டது. ராஜா குனிந்தார். பொழுது சாய்வதற்குள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. "இனி நம் பெயரால் நீரே நாட்டும்," என்று கரண்டியைக் கொடுத்துவிட்டுப் பல்லக்கில் ஏறினார்.

அப்புறம் கொத்தர்கள் கல் வைக்க வைக்க, ஒவ்வொன்றுக்கும் ஒருவன் சம்பிரதாயமாக மேளத்தை ஒரு தட்டுத் தட்டினான். விழாவுக்கு வந்தவர்களுக்குச் சோறு போடுவது அந்நாட்டு வழக்கம். விழாதான் முடியவில்லையே! பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டே படித்தார்கள். மன்னர் தலையில் ஒரு சொட்டும் விழாத பந்தல் வேண்டும் என்று சொல்லிச் சுவர்களுக்கு மேல் ஓடு வேய்ந்தான் தாண்டவராயன். வெளியூர் விருந்தினர் தங்க வரிசையாக அறைகள். அவற்றில் ஒன்றில் தேவானை மூட்டையை அவிழ்த்துவிட்டாள்.

விழா நிதி வற்றிய பிறகுதான் கனகசபாபதிக்கு உறைத்தது. தலைதெறிக்க ஓடிவந்தார். "மோசம் போனோம், மகாராஜா. நகரசபைப் பணத்தில் கல்லூரி கட்டிவிட்டார். உடனே இடிக்க ஆணையிட வேண்டும்."

"எந்தக் கல்லிலிருந்து தொடங்குவது என்று தலைவரே கை வைத்துக் காட்டட்டும்," என்றான் தாண்டவராயன். "எல்லாமே மன்னர் பெயரால் நாட்டிய கற்கள்தான்."

கனகசபாபதி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ராஜா நேரில் பார்க்கப் போனார். வழியில் நல்ல மழை. உள்ளே நுழைந்தால், ஒரு பிள்ளையும் எழுந்து ஓடவில்லை. ஒரு மூலையில் தேவானை மூலிகைச் சாறு பிழிந்துகொண்டிருந்தாள். தாம் நாட்டிய கல் ஒன்று இடுப்புக்கு மேல் உயர்ந்ததை ராஜா அன்றுதான் பார்த்தார். வெட்கமாகத்தான் இருந்தது.

"கட்டட நிதியைத் தொட்டீரா?"

"தொடுவதற்கு அதில் என்றைக்கு ஏதாவது இருந்தது, மகாராஜா?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி விகடகவியின் கழுத்தில் போட்டார். "வேறு என்ன வேண்டும், கேளும்."

"இனி பணம் முதலில் சுவருக்கும் சோற்றுக்கும் போகட்டும். கூரை வேய்ந்த பிறகு மகாராஜா வந்து அடிக்கல் நாட்டலாம்."

"மேளம் உண்டல்லவா?"

"இரட்டை மேளம்."

ராஜா சம்மதித்தார். அன்று முதல் அந்த நாட்டில் கட்டடம் முடிந்த பிறகுதான் அடிக்கல் நாட்டினார்கள். கிறுக்குப் பிடித்த நாடு என்று அக்கம்பக்கத்து நாட்டார் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, தங்கள் பிள்ளைகளைப் படிக்க அங்கேயே அனுப்பினார்கள்.