வேட்டு பிழிந்த நெல்லிச்சாறு

மருதங்காட்டு ஜமீன்தாருக்கு ஒரு சங்கடம். மாமனார் அனுப்பிய ஆளுக்கு அடுக்களையைக் கொடுக்கவேண்டும். சமையற்காரி வீராயியோ குற்றமில்லாதவள்; அவளை விரட்ட ஒரு சாக்கு வேண்டும்.

"கை, கல், கத்தி படாமல் நெல்லிச்சாறு எடு. முடியாவிட்டால் இந்த வாசலை மிதிக்காதே!" என்றார்.

ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியது. வீராயி மரத்தை உலுக்கி, உதிர்ந்த காய்களைத் தோல்பையில் ஏந்தி, வாயைக் கட்டிக் குளத்தில் இறக்கினாள். ஜமீன்தார் பவனி வரும்போது போடும் அதிர்வேட்டில் ஒன்றை, நனையாதபடி மெழுகு பூசி, அதனருகே நீருக்குள் வெடிக்கச் சொன்னாள். தண்ணீர் அதிர்ந்த வேகத்தில் காய்கள் நொறுங்கின. பையைச் சாய்த்ததும் கிண்ணத்தில் சாறு கொட்டியது.

"வேட்டெல்லாம் செல்லாது!" என்று சீறினார் ஜமீன்தார்.

"எசமான் பெருமையை முழங்குகிற வேட்டாச்சே, சாமி! அது செல்லாதென்று ஊருக்கு நானே சொல்லிவிடட்டுமா?"

ஜமீன்தார் கிண்ணத்தை வாங்கிக் குடித்தார். புளிப்பில் கோணிய முகத்தைக் கடுங்கோபமென்று எண்ணி ஊரே விழுந்து கும்பிட, வீராயி மட்டும் நிமிர்ந்தபடி அடுப்பு மூட்டப் போனாள்.