பெட்டி வைத்தால்தான் படம் வரும்

நொச்சிமேட்டுக் கடைத்தெருவில் பழைய கோணிப்பைகளை வாங்கித் தைத்து விற்கிற கடை ஒன்று உண்டு. அதை நடத்துகிறவர்கள் எத்திராஜ், தணிகாசலம், பூவராகன் என்ற மூன்று அண்ணன் தம்பிகள். தங்கமான மனிதர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். சிக்கலே அதுதான்.

இவர்களுக்கு ஒரே தங்கை, சந்திரமதி. பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். சமையலில் கெட்டிக்காரி. அவள் ஒருநாள் போன் செய்தாள்.

"அண்ணா, மெட்ராஸ் போயி டிவி சமையல் போட்டியில கலந்துக்கிட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை காலையில காட்டுறாங்க. மறக்காம பாருங்க."

மூன்று பேருக்கும் கண் கலங்கிவிட்டது. அந்தக் குடும்பத்திலிருந்து அதுவரை யாரும் டிவியில் வந்ததில்லை. ஒரு வெள்ளத்தின்போது செய்தியில் அவர்கள் கடையின் கூரை மட்டும் வந்தது. அதுவும் மிதந்துகொண்டு.

அந்த வாரம் பார்த்துத்தான் கேபிள்காரர் நசீர் பாய் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"வெள்ளிக்கிழமையோட பழைய சிக்னல் நின்னுடும். எல்லாம் டிஜிட்டல் ஆகுது. இனிமே பெட்டி வெச்சாத்தான் படம் வரும்."

சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். இவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"நின்னுடும்னா, எங்க நிக்கும்?" என்று கேட்டான் பூவராகன்.

"இத்தனை வருஷமா ஒயர்லயே ஓடிக்கிட்டு இருக்கு. அதுக்கும் வயசாகுது. எங்கயாவது நிக்கத்தானே செய்யும்," என்றான் தணிகாசலம்.

"நம்ம வீட்டு வாசல்ல வந்து நின்னுடுச்சுன்னா?"

மூத்தவர் எத்திராஜ் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிக்கொண்டார். "நின்னா, உக்காருன்னு சொல்லணும். அதுதான் மரியாதை," என்றார்.

வியாழக்கிழமையே கேபிள் ஒயர் நுழைகிற ஜன்னலுக்கு வெளியே ஒரு முக்காலி போட்டாகிவிட்டது. பக்கத்தில் ஒரு சொம்பில் தண்ணீர்.

பெட்டி விஷயத்தில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. பரணில் அம்மாவின் கல்யாணத் தகரப்பெட்டி இருந்தது. அதை இறக்கி டிவியின் தலையில் வைத்தார்கள். பழைய காலத்துக் கனத்த டிவி, ஒரு முனகலோடு தாங்கிக்கொண்டது. பெட்டிக்குள் ஏதாவது வைக்கவேண்டுமா என்பதில்தான் பேச்சு வளர்ந்தது.

"பாய் பெட்டி வெக்கணும்னாரு. உள்ள என்ன வெக்கணும்னு சொல்லலியே," என்றான் தணிகாசலம்.

"அப்ப காலியாவே இருக்கட்டும். நாம பாட்டுக்கு எதையாவது வெச்சு, வேற படம் வந்துடப் போவுது," என்றார் எத்திராஜ்.

டிவியைப் போட்டார்கள். செய்தி பளிச்சென்று வந்தது. அன்று வியாழக்கிழமைதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. டிஜிட்டல் ஆகிவிட்ட நிம்மதியில் தூங்கினார்கள்.

சனிக்கிழமை காலையில் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். தகரப்பெட்டியை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, கடைசியில் தலைகீழாகவும் வைத்துப் பார்த்தார்கள். பூவராகன் வெளியே ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"முக்காலி காலியா இருக்கு. நம்ம வீடு வர்றதுக்கு முன்னாடியே எங்கயோ நின்னுடுச்சு," என்றான்.

நசீர் பாய்க்குப் போன் போட்டார்கள். அவர் வந்தார். டிவி மேல் கவிழ்ந்து கிடந்த தகரப்பெட்டியைச் சற்று நேரம் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அதை இறக்கி வைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து ஒயர் மாட்டத் தொடங்கினார். அதற்குள் அவர் போன் அடித்தது. வடக்குத் தெருவில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் மாட்டியாச்சு. பெட்டிய ஸ்கேன் மட்டும் பண்ணிடுங்க. சேனலெல்லாம் வந்துடும்," என்று சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

நொச்சிமேட்டில் ஸ்கேன் வசதி கிடையாது. அதற்கு டவுனுக்குத்தான் போகவேண்டும். பெட்டியைப் பிடுங்கி, குளிர் படாமல் துண்டில் சுற்றி, ஆட்டோ பிடித்தார்கள். ஸ்கேன் சென்டரில் வரிசையாகக் கர்ப்பிணிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எத்திராஜின் மடியில் துணிச் சுருளைப் பார்த்த ஒரு அம்மாள், பிறந்த குழந்தை போல என்று நினைத்து இடம் விட்டாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள். "யாருக்கு ஸ்கேன்?"

"பெட்டிக்கு," என்றார் எத்திராஜ்.

"பேத்திக்கா? வயசு?"

"இன்னிக்குக் காலையிலதாம்மா வந்துச்சு."

"என்ன பண்ணுது?"

"ஒண்ணுமே பண்ண மாட்டேங்குது. அதான் கவலையா இருக்கு."

"தண்ணி குடுத்தீங்களா? வயிறு ரொம்பியிருந்தாத்தான் ஸ்கேன்ல தெரியும். குடுத்துட்டு வந்து உக்காருங்க."

வெளியே குழாயடியில் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். மேலே இருந்த சன்னமான துளைகள் வழியாகப் பூவராகன் பொறுமையாக, புரை ஏறாதபடி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். ஒரு சொம்பு உள்ளே போனது. உடனே அடிவழியாக ஒழுகியது.

திரும்பி வந்து, "குடிச்சது நிக்கலம்மா," என்று எத்திராஜ் சொன்னபோதுதான் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய் டாக்டரை அழைத்து வந்தாள். டாக்டர் சொட்டுகிற பெட்டியைப் பார்த்தார். மூன்று முகங்களையும் பார்த்தார்.

"இதுக்கு நாங்க ஒண்ணும் செய்ய முடியாதுங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க," என்றார் மெதுவாக.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பினார்கள். டாக்டர் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியும். பாதி வழியில் எத்திராஜ் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாளைக்கு டிவியில் தங்கை வருவாள், அவளைப் பார்க்கத் தன் வீட்டில் வழியில்லாமல் போயிற்றே என்ற துக்கம் அவருக்கு.

மறுபடி போன் போட்டதில், ஞாயிற்றுக்கிழமை காலையில் நசீர் பாய் வேறு பெட்டி கொண்டு வந்தார். முதல் பெட்டிக்குள் எப்படித் தண்ணீர் போனது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்திருக்கும். அவரே உட்கார்ந்து ஸ்கேன் செய்தார். சேனலெல்லாம் வந்தன. சந்திரமதியின் சேனலையும் வைத்துக் கொடுத்துவிட்டு, ரிமோட்டை நீட்டினார்.

"இனிமே டிவியப் பாத்து அழுத்தாதீங்க. பெட்டியப் பாத்து அழுத்துங்க. அவ்வளவுதான்."

அவர் போனதும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கண் இமைக்காமல் பெட்டியைப் பார்ப்பது பொறுப்பான வேலை என்பதால் அதை எத்திராஜ் எடுத்துக்கொண்டார். அவர் பார்க்கப் பார்க்கத் தணிகாசலம் அழுத்தவேண்டும். தவறி டிவியைப் பார்த்துவிடக் கூடாதே என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். டிவியில் என்ன வருகிறது என்று பார்த்துச் சொல்ல பூவராகன்.

நிகழ்ச்சி தொடங்கியது.

"நம்ம சந்திரா வந்துட்டா," என்றான் பூவராகன்.

"எப்படி இருக்கா?" என்று பெட்டியைப் பார்த்தபடியே கேட்டார் எத்திராஜ்.

"பச்சைப் புடவை. கொஞ்சம் இளைச்சிருக்கா. அடுப்பப் பத்த வெச்சுட்டா. மீன் குழம்பு வெக்கிறா."

"புளி கரைச்சாளா?"

"கரைக்கிறா. குழம்பு கொதிக்குது."

அந்தச் சமயத்தில், நிகழ்ச்சியை நடத்துகிற பெண் சிரித்துக்கொண்டே, "ஒரு சின்ன இடைவேளை, எங்கேயும் போயிடாதீங்க," என்றாள். விளம்பரம் வந்தது. மூன்று பேரும் எங்கேயும் போகவில்லை.

வாசல் கதவு தட்டப்பட்டது.

"யாரு?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார் எத்திராஜ்.

"நான்தாண்ணா, சந்திரா. உங்ககூட உக்காந்து பாக்கலாம்னு வந்தேன். பஸ் லேட்டு. கதவத் தொறங்க."

உள்ளே யாரும் இடத்தை விட்டு எழவில்லை.

"இடைவேளை விட்டாங்கல்ல, அதான் வெளிய வந்திருக்கா," என்றான் தணிகாசலம், கண்ணைத் திறக்காமல்.

எத்திராஜுக்குப் பதறியது. "சந்திரா, எங்கேயும் போகாதீங்கன்னு இப்பத்தானே சொன்னாங்க. நீ பாட்டுக்கு எழுந்து வந்துட்டே?"

"எனக்குத் தெரியாதேண்ணா. எப்ப சொன்னாங்க?"

"இப்பத்தான். இடைவேளைகூடச் சின்னதாம். குழம்பு அடுப்புல கொதிக்குது. அடி பிடிச்சா தோத்துடுவே. சீக்கிரம் திரும்பிப் போ."

சந்திரமதியும் அந்த வீட்டில் பிறந்தவள்தான். அடுப்பைச் சிம்மில் வைத்தோமா இல்லையா என்று வாசலில் நின்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெட்ராஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

விளம்பரம் முடிந்தது. பூவராகன் திரையைப் பார்த்தான். பச்சைப் புடவையும் கரண்டியுமாகச் சந்திரமதி அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"வந்துட்டாளா?" என்று கேட்டார் எத்திராஜ்.

"வந்துட்டாண்ணா. குழம்பு நல்லாத்தான் இருக்கு."

எத்திராஜ் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, பஸ் உடனே கிடைச்சிருக்கு," என்றார்.