பின் சீட்டில் நாச்சிமுத்து

கார் வாங்கிய பத்தாவது நாள், நாச்சிமுத்து அதன் சாவியைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தார்.

அம்மா என்று நாங்கள் கூப்பிடுவது மேகலாவை. வயது நாற்பத்திரண்டு. நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு, எனக்கு அறுபத்தாறு. அம்மா கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு, கோயம்புத்தூர் கணபதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் மன்றம் வைத்துத் தியானம் சொல்லித்தருகிறார். நாங்கள் அவரை அம்மா என்போம். அவர் எங்களை அண்ணா என்பார். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

நான் ஓய்வுபெற்ற தபால்காரன். தியானம் முடிந்ததும் பாய்களைச் சுருட்டிவைப்பது என் வேலை. தியானத்தைவிட அது எனக்கு நன்றாக வரும். அன்றும் சுருட்டிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் போய்விட்டார்கள்.

"என்னுங்கண்ணா இது?" என்றார் அம்மா.

"சாவிங்கம்மா."

"அது தெரியுது. எனக்கெதுக்குங்க?"

"மன்றத்துக்கு வச்சுக்குங்க. எனக்கு வேண்டாமுங்க."

"வண்டி பிடிக்கலீங்களா?"

"பிடிச்சிருக்குதுங்க." நாச்சிமுத்து சாவியை இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்தார். "அதுதானுங்க பிரச்சினையே."

அந்தக் காரைப் பற்றி மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், லேத் பட்டறையில் கூலிக்கு வேலை பார்த்த காலத்தில், நாச்சிமுத்து ஊருக்கு வெளியே கார் பந்தயம் பார்க்கப் போனார். பந்தயம் முடிந்ததும் யாரோ ஒருவர் தன் சொந்தக் காரைத் தடத்தில் இறக்கினார். நீள முதுகும் பெரிய டிக்கியும் வைத்த குடும்பக் கார். பந்தய வண்டிகளுக்குக் கொஞ்சமும் குறையாமல் நாலு சுற்றுப் பறந்துவிட்டு வந்து நின்றது. அப்புறம் அந்த மனிதர் டிக்கியைத் திறந்து தூக்குப்போசியை எடுத்து, மனைவி பிள்ளைகளோடு உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டார்.

வாங்கினால் இந்த மாதிரி ஒன்று என்று அன்றைக்கு முடிவு செய்தவர் நாச்சிமுத்து. அப்புறம் சொந்தப் பட்டறை வந்தது. பம்ப்செட் உதிரிபாகம் செய்தார். இரண்டு மகள்களும் வளர்ந்து, கல்யாணமாகி, வெளியூர் போனார்கள். ஆசை மட்டும் வீட்டிலேயே இருந்தது.

பத்து நாள் முன்னால் வண்டி வந்தது. வெளிநாட்டு வண்டி, கருநீலம். பேரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

"கண்ணை மூடினா வண்டிதானுங்க நிக்குது," என்றார் நாச்சிமுத்து. "மூச்சைக் கவனிக்கச் சொல்றீங்க. நான் இஞ்சின் சத்தத்தைக் கவனிக்கறேன். எந்திரிச்சதும் ஷெட்டுல போய்ப் பாக்கறேன். பல்லு விளக்கிட்டு இன்னொருக்காப் பாக்கறேன்."

"ஓட்டறப்ப எப்படீங்க?"

"ஓட்டறப்ப..." எங்கேயோ பார்த்துச் சிரித்தார். "ஆக்சிலேட்டரை மிதிச்சா முதுகு அப்படியே சீட்டுல போய் ஒட்டுதுங்கம்மா."

சிரிப்பு அடங்கியது. "பதினோரு வருசமா உங்ககிட்ட உக்கார்றேன். ஆசையை விடறதுக்குத்தான வந்தேன்? இந்த வயசுல ஒரு வண்டி மேல இத்தனை சந்தோஷம். தப்புங்களா, இல்லீங்களா?"

அம்மா வேறு கேள்வி கேட்டார்.

"வண்டி எங்கீங்க நிக்குது?"

"ரெண்டு வீதி தள்ளி. பள்ளிக்கூடத்துக்கிட்ட."

"இங்கயே கீழ இடம் இருக்குதுங்களே?"

"கூச்சமாப் போச்சுங்க."

பத்து நாளும் அங்கே நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார். நான் சர்க்கரைக்காக நடக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா சாவியைக் கையில் எடுத்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இந்த மாதிரிக் கதைகள் நான் நிறையக் கேட்டவன். குரு சாவியை வாங்குவார், நல்லதாக ஒரு வார்த்தை சொல்வார், திருப்பிக் கொடுத்துவிடுவார். நாச்சிமுத்துவும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். அவர் கை கொஞ்சம் முன்னால் நீண்டிருந்தது.

அம்மா சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"சரிங்கண்ணா. மன்றமே வச்சுக்கட்டும்."

நாச்சிமுத்து கும்பிட்டுவிட்டு எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"பவர் பெட்ரோல்தான் போடோணுங்கம்மா. சாதா போட்டா இஞ்சின் தட்டும்."

"சரிங்க."

மூன்று படி இறங்கி மறுபடி ஏறி வந்தார்.

"டயருக்குக் காத்து முப்பத்தாறு வைக்கோணும்."

"முப்பத்தாறு. ஞாபகம் வச்சுக்கறேன்."

மூன்றாவது தடவை தலை மட்டும் தெரிந்தது.

"மரத்தடியில நிறுத்திறாதீங்க. காக்கா..."

"அண்ணா," என்றார் அம்மா. "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்துருங்க. வீட்ல அக்காவையும் கூட்டிட்டு வாங்க." என் பக்கம் திரும்பி, "நீங்களும் வாங்கண்ணா" என்றார்.

நான் கீழே இறங்கியபோது நாச்சிமுத்து கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் விடட்டுமா என்று கேட்டேன். என் மொபெட்டின் பின்னால் ஏறிக்கொண்டார். பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அம்மா மேல் கோபமாக வந்தது. இத்தனை வருடம் ஆசைப்பட்ட மனிதர், பத்து நாள்கூட முழுசாக அனுபவிக்கவில்லை. தியானம் சொல்லித்தருகிறவருக்கு இத்தனை பெரிய வண்டி எதற்கு?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்கு வண்டி ஜவுளிக்கடை வாசலிலேயே நின்றது. அம்மாவே எடுத்துவந்து நிறுத்தியிருந்தார். நாச்சிமுத்து அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். கீறல் எதுவும் இல்லை. அதற்கப்புறம்தான் எங்களுக்கு வணக்கம் சொன்னார்.

அவர் மனைவி பூங்கொடி கூட வந்திருந்தார். பட்டறை தொடங்கிய புதிதில், செய்த சாமான்களை லோடு வண்டியில் ஏற்றித் தானே ஓட்டிப்போய், திருப்பூர், ஈரோடு, கரூர் என்று ஒன்பது வருடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அந்தக் காலத்தில் ரோட்டோரக் கடைகளில் எல்லாம் அவரைத் தெரியும்.

"வண்டி எப்படி இருக்குதுங்கக்கா?" என்று அம்மா கேட்டார்.

"நல்லா இருக்குதுங்கம்மா. கோயிலுக்குப் போனோம், உக்காந்துட்டுப் போனேன்."

"ஓட்டிப் பாக்கலீங்களா?"

பூங்கொடி வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"பவர் ஜாஸ்தி, உனக்குக் கை வராதுன்னாருங்க."

அம்மா கைப்பையைத் திறந்து சாவியை எடுத்துப் பூங்கொடியிடம் கொடுத்தார்.

"பெருந்துறை வரைக்கும் போய் டீ குடிச்சுட்டு வரலாமுங்க. நீங்க ஓட்டுங்கக்கா. நான் உங்க பக்கத்துல உக்காந்துக்கறேன்."

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். வண்டி இப்போது மன்றத்து வண்டி, அவர் சொல்ல என்ன இருக்கிறது? பின் கதவைத் திறந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் காரின் பின் சீட்டில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை. கால் வைக்கும் இடத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"நல்லா இடம் இருக்குதுங்களே," என்று என்னிடம் சொன்னார், வேறு யாருடைய காரிலோ ஏறியவர் மாதிரி.

பூங்கொடி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சீட்டை முன்னால் இழுத்தார். கண்ணாடியைத் திருப்பினார்.

"நான் செட் பண்ணி வச்சது எல்லாம் போச்சு," என்று நாச்சிமுத்து முனகினார்.

அவிநாசி ரோட்டில் கொஞ்ச தூரம் பூங்கொடி நிதானமாகத்தான் ஓட்டினார். ஊர் முடிந்து பைபாஸ் வந்ததும் ஒரு தடவை மிதித்துப் பார்த்தார். வண்டி முன்னால் பாய்ந்தது. உடனே காலை எடுத்தார்.

"அம்மாடி," என்றார்.

"நான் சொன்னனல்ல? பாத்துப் போ," என்றார் நாச்சிமுத்து. அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் இல்லை.

பூங்கொடி மறுபடி மிதித்தார். இந்தத் தடவை காலை எடுக்கவில்லை. ஒரு பஸ் பின்னால் போனது. இரண்டு லாரிகள் போயின. முள் எங்கே நின்றது என்று நான் எழுதப்போவதில்லை. ஆனால் வண்டி ஆடவில்லை, அலுங்கவில்லை. என் முதுகும் சீட்டில் போய் ஒட்டியது. அறுபத்தாறு வயதில் எனக்கும் அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

அப்போது பூங்கொடி சிரித்தார். வாய்விட்டு, தலையைச் சாய்த்து, வீட்டில் ஆள் இருப்பதை மறந்து சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. நாச்சிமுத்து தரையை அழுத்துவதை விட்டுவிட்டுக் கண்ணாடியில் பூங்கொடியின் முகத்தைப் பார்த்தார். முன்னால் உட்கார்ந்திருந்தால் ரோட்டைத்தான் பார்த்திருப்பார்.

"ஏனுங்," என்று பூங்கொடி கூப்பிட்டார். "இருவத்தாறு வருசமா இதைத்தான் சொல்லிட்டு இருந்தீங்களா?"

"ஆமா."

"நீங்க சொன்னதெல்லாம் நம்பருங்க. இத்தனை சிலிண்டர், இத்தனை செகண்டுல நூறுன்னு சொல்லுவீங்க. நான் சோத்தைப் போட்டுட்டு உம் கொட்டுவேன். இப்பிடி இருக்கும்னு ஒரு நாளும் சொல்லலியே?"



"சொல்லத் தெரியல புள்ள," என்றார் நாச்சிமுத்து.

பிறகு முன் சீட்டுகளுக்கு நடுவில் தலையை நீட்டினார். "கியருக்குப் பக்கத்துல ஒரு பட்டன் இருக்குது பாரு. அதை அமுத்து."

"இதுங்களா?"

"அதேதான். இப்ப மிதி."

இஞ்சின் சத்தமே மாறிவிட்டது. கனத்த, அடிவயிற்றிலிருந்து வரும் சத்தம். பூங்கொடி "ஓ!" என்று கத்தினார். நாச்சிமுத்துவும் கத்தினார். அம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதற்கப்புறம் பெருந்துறை வரைக்கும் புருசனும் பெண்டாட்டியும் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார்கள். இந்த வளைவு எப்படி, அந்த மேடு எப்படி, பெரிய மகள் வந்தால் எங்கே கூட்டிப்போவது, கரூர் ரோட்டில் லோடு வண்டி மேடு ஏறாமல் நின்ற அன்றைக்கு இந்த வண்டி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். நானும் அம்மாவும் அங்கே இருப்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது.

பெருந்துறையில் ரோட்டோரக் கடையில் டீ சொன்னோம். பூங்கொடி டம்ளரோடு வண்டியிடம் போய் முன் பக்கத்தை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"சுடுதுங்," என்றார் அங்கிருந்தே. "போறப்ப நீங்க ஓட்டறீங்களா?"

"அவிநாசி வரைக்கும் நீயே ஓட்டு," என்றார் நாச்சிமுத்து. "அங்க மாத்திக்கலாம்."

சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். வண்டி யாருடையது என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கும். அம்மா அதைக் கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். முகம் தெளிவாக இருந்தது. ஆனாலும் மனிதர் கேட்காமல் விடுகிறவர் இல்லை.

"அம்மா, நேத்துக் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலீங்க. இத்தனை சந்தோஷம் தப்புங்களா?"

அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"இத்தனை சந்தோஷத்தையும் நேத்து ஒத்தையாளாத் தூக்கிட்டு மாடி ஏறி வந்தீங்களேண்ணா," என்றார். "கை வலிக்கலீங்களா?"