மைக்செட்காரரும் எட்டுக்கால் ஐ.சி.யும்

மைக்செட் ஞானப்பிரகாசத்தைச் சுற்றுவட்டாரத் திருவிழாக்களுக்கெல்லாம் தெரியும். அவர் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் சாமியார் இருமினாலும் பக்கத்து ஊருக்குக் கேட்கும். அப்படிப்பட்டவர், தன்னைவிட வயதில் இளைய, மிஷன் ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரி லூர்து சிஸ்டரிடம் மாணவராக வந்து நின்றார். எல்லாம் பேத்திக்காக.

பிள்ளை ஏழாம் மாதமே பிறந்துவிட்டது. நடுநடுவே மூச்சுவிட மறந்துவிடும். நர்ஸ் உள்ளங்காலைத் தட்டினால் மறுபடி விடும். மூச்சு நின்றால் மணியடிக்கிற கருவி மிஷன் ஆஸ்பத்திரியில் பழுதாகிக் கிடந்தது. நர்ஸுகள் மாறி மாறிக் கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

செத்த மெஷினுக்கும் உயிர்கொடுக்கிற கை சிஸ்டருடையது. புதிதாகவே ஒன்று செய்யத் தொடங்கினார்.

"எனக்கும் சொல்லிக்குடுங்க சிஸ்டர், என் கையாலே செய்றேன்" என்று கூடவே உட்கார்ந்துகொண்டார் ஞானப்பிரகாசம்.

பிள்ளையின் வயிற்றில் மெல்லிய பட்டை. வயிறு ஏறி இறங்கினால் அதில் பிறக்கிற மின்சாரம் தூசியளவுதான். அதைப் பெருக்கி மீட்டர் முள்ளில் காட்ட, ஆப்-ஆம்ப் என்கிற எட்டுக்கால் ஐ.சி. சிஸ்டர் சொன்னதையெல்லாம் ஞானப்பிரகாசம் செய்தார், ஒன்றைத் தவிர.

முள் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் பாய்ந்தது. மூச்சுக்கும் பாய்ந்தது, ஃபேன் காற்றுக்கும் பாய்ந்தது.

"இதை நம்பிப் பிள்ளையை எப்படி விடுறது சிஸ்டர்?" என்றார் அவர்.

சிஸ்டர் குனிந்து பார்த்தார். "வெளியே வர்றதுலே கொஞ்சத்தை உள்ளே திருப்பிவிடச் சொன்னேனே, அந்த ரெசிஸ்டர் எங்கே?"

"வேணும்னுதான் விட்டேன். குழாய்ச் சத்தம் மைக்குக்குத் திரும்புனா ஊளையிடும். வாழ்நாளெல்லாம் அதோடதானே எனக்கு மல்லுக்கட்டு!"

"அங்கே அது கூடச் சேர்ந்து கத்துது. இங்கே ஐ.சி.யோட மைனஸ் காலுக்குப் போய், எதிர்த்து நின்னு அடக்கும்."

"அடக்கவா? கிடைக்கிறதே தூசி. அதையும் அடக்கிட்டா என்ன மிஞ்சும்?"

சிஸ்டர் ஒரு ஹெட்போனை எடுத்தார்.

"இதை மாட்டிக்கிட்டு, வார்டு வாசல்லே நின்னு உங்க மகள்கிட்டே 'சாப்பிட்டியா'ன்னு மெதுவாக் கேளுங்க."

மாட்டியதும் உள்ளே நாதஸ்வரம் உச்சத்தில் அலறியது. ஞானப்பிரகாசம் வாசலில் நின்று கேட்டார்.

வார்டுக்கே தூக்கிவாரிப் போட்டது. பிள்ளை வீரிட்டது.

"அப்பா! இப்போதானே தூங்குச்சு!" என்றாள் மகள்.

"ஐயா, கொடியேத்தத்தை வெளியே வெச்சுக்கோங்க" என்றாள் நர்ஸ்.

அவர் ஹெட்போனைக் கழற்றினார். முகம் செத்துப்போயிருந்தது. "மெதுவாத்தான் கேட்டேன் சிஸ்டர், சத்தியமா. என் குரல் எனக்கே கேக்கலையே..."

சிஸ்டர் உள்ளங்கையை நீட்டினார். அதில் அந்த ரெசிஸ்டர் இருந்தது.

அவர் அதை வாங்கி ஈயம் வைத்துப் பொருத்தினார். பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

முள் மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது. ஃபேன் காற்றுக்கு லேசாக நடுங்கியதோடு சரி. வார்டுக் கண்ணாடிக்கு அப்பால் பிள்ளையின் வயிறும் அதே போல ஏறி இறங்கியது. ஞானப்பிரகாசம் சிலுவை போட்டுக்கொண்டார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகும் மைக்செட்காரர் மனசு ஆறவில்லை.

"லட்சம் மடங்கு பெருக்கக்கூடிய ஐ.சி. சிஸ்டர். நூறு மடங்குக்கு இறக்கிட்டோமே. அத்தனை பலமும் வீண்தானே?"

சிஸ்டர் முள்ளைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"அத்தனை பலம் இருக்கிறதாலேதான் ஐயா, அதாலே தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கிட்டு, இவ்வளவு மெதுவாப் பேச முடியுது."