இருபத்தொரு கடலமிட்டாய்

"ஒரு கையெழுத்துப் போட உங்களுக்கு என்னங்க கேடு?"

கிளப் ஆபீசுக்குள்ள போனதும் இப்படித்தான் கேட்டேன். கேக்காம? சோளக்காட்டுல காட்டுப்பன்னி பூந்து பாதியத் தின்னுட்டுப் போயிருச்சு. துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிக்கோணும்னா, ரைபிள் கிளப்புல பயிற்சி எடுத்தன்னு, அங்க சுடக் கத்துக்குடுக்கற பிலோமினா டீச்சர் ஒரு சீட்டுல கையெழுத்துப் போடோணும். என்னைவிடப் பத்து வயசு சின்னவங்க. மூணு வாரமா பேனாவத் தொடல.

"உக்காருங்கண்ணா. குறி நல்லாத்தான் வருது உங்களுக்கு."

"அப்பறம் என்ன?"

"ஊட்டுல துப்பாக்கி எங்க இருக்குது?"

"யாருக்கும் தெரியாத எடத்துல."

"பூட்டு?"

"பன்னி வந்து நின்னுக்கிட்டு, 'நீ மெதுவா சாவி தேடு சாமி, நான் காத்திருக்கறேன்'னு சொல்லுமா?"

"தோட்டா?"

"உள்ளயேதான்."

டீச்சர் நாற்காலிய முன்னால இழுத்துப் போட்டாங்க.

"தொடக்கூடாதுன்னு கொழந்தைககிட்டச் சொல்லிருக்கீங்களா?"

"என்னத்தச் சொல்றது? அப்படி ஒண்ணு இருக்கறதே அதுகளுக்குத் தெரியாது. எங்கப்பன் காலத்துத் துப்பாக்கி அது. நாங்க நாலு பேரு அந்த ஊட்டுலதான் வளந்தோம். ஒருத்தனுக்கு ஒரு கீறல் கெடையாது. பாடம் நடத்தறதுன்னா வேற ஆளப் பாருங்க."

டீச்சர் மேசை டிராயர இழுத்து, நூல் கட்டுன ஒரு பொட்டலத்த எடுத்து வெச்சாங்க.

"இருபத்தொரு கடலமிட்டாய். ஊட்டுல இருக்குதுன்னு உங்க பொண்ணுகிட்டச் சொல்லிருங்க. எடுக்கக்கூடாதுன்னும் சொல்லிருங்க. எங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் பொண்ணு கண்ணுல படாம வெச்சிருந்து, முழுசாக் கொண்டாங்க. பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"நான் சுடக் கத்துக்க வந்தனா, மிட்டாய்க்குக் காவல் இருக்க வந்தனா?"

"வேண்டாம்னா வெச்சுட்டுப் போங்க."

எடுத்துக்கிட்டேன். ஊரு போற வரைக்கும் டீச்சர வஞ்சுக்கிட்டே போனேன்.

ஊட்டுல போய் நின்னாத்தான் தெரியுது, அது லேசான வேலையில்ல. நிவிஷாவுக்கு எட்டு வயசு. சக்கரை டப்பாவ அவங்கம்மா கோகிலா எங்க வெச்சாலும் மோப்பம் புடிச்சுருவா. பீரோவ ஒரு நாளைக்குப் பத்து தடவ தொறக்கறோம். அரிசி டிரம் மொத நாளே மாட்டும்.

கடசீல பரண் மேல ஏறுனேன். எங்க கல்யாணத்துக்கு எடுத்த பவானி ஜமுக்காளம் அங்க சுருட்டிக் கெடக்குது. சொந்தபந்தம் வந்தாத்தான் எறக்கி விரிப்போம். துப்பாக்கி அதுக்குள்ளதான். பொட்டலத்தையும் அதுக்குள்ளயே சொருகுனேன்.

அதவிடப் பத்திரமான எடம் எங்கூட்டுல எது?

ஞாயித்துக்கெழம காலைல எடுத்துப் பாத்தேன். நூலு கட்டுனது கட்டுனபடி. எண்ணுனேன். இருபத்தொண்ணு.

பொண்ண வண்டியில முன்னால உக்கார வெச்சு, கிளப்புக்கு ஒரே முறுக்கு.

"எண்ணிக்கங்க டீச்சர். நீங்க நெனச்சது நடக்கல. எம்புள்ள எம்புள்ளைங்க!"

டீச்சர் எண்ணல. சீட்ட எடுத்து முன்னால வெச்சு, பேனா மூடியக் கழட்டுனாங்க. கை சீட்டுல படறதுக்கு முன்னால நிமிந்து நிவிஷாவப் பாத்தாங்க.

"நெசமா ஒண்ணுகூட எடுக்கலியா கண்ணு?"

"இல்லீங் மிஸ். எடுக்கக்கூடாதுன்னு அப்பா சொல்லீட்டாரு. டெய்லி எண்ணிப் பாத்துட்டு, திருப்பிக் கட்டி அங்கியே வெச்சுருவேன்."

"எங்க?"

"பரண்ல, ஜமுக்காளத்துக்குள்ள. அந்தத் துப்பாக்கி குறுக்க கெடக்குமுங்களா, அதத் தூக்கி இந்தப் பக்கம் வெச்சாத்தான் பொட்டலம் வரும். செம கனம் மிஸ் அது. நான் ஏறுனா தம்பி ஏணியப் புடிச்சுக்குவான்."

நான் திரும்பி நிவிஷாவப் பாத்தேன். அவ பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போனா.

"இன்னைக்கு அவன் மொறை மிஸ். அவன் ஏறோணும், நான் புடிக்கோணும். அதுக்குள்ள அப்பா கூட்டிட்டு வந்துட்டாரு."

"மிட்டாய் இப்ப அங்க இல்லைன்னு தம்பிக்குத் தெரியுமா?"

நிவிஷா உதட்டப் பிதுக்குனா. "அப்பா எடுக்கறப்ப அவன் தூங்கிட்டு இருந்தானே."

டீச்சர் பேனாவ மூடுனாங்க. மேசை மேல கெடந்த என் வண்டிச் சாவிய எடுத்து என் கையில குடுத்தாங்க.

"பொண்ண நான் பாத்துக்கறேன். ஊட்டுக்குப் போன் போட்டுக்கிட்டே ஓடுங்கண்ணா."

ஓடுனேன். போன் அடிச்சுது. அடிச்சுக்கிட்டே இருந்துது.

எடுத்தாங்க.

"கோகிலா, பரண்ல..."

கோகிலா இல்ல. அஞ்சு வயசு எம்பையன். மூச்சு வாங்குது அவனுக்கு.

"ஏம்ப்பா, மிட்டாயவே காணோம்?"