வானத்தை மறைத்த கைகள்

சாலிகிராமத்தில் ஒரு மாடியறை. பழைய கறுப்பு வெள்ளைப் போர்ப்படங்களுக்கு வண்ணம் ஏற்றுவதில் நசீமாவை அடித்துக்கொள்ள அங்கே ஆளில்லை. அவருக்கு முப்பத்தைந்து வயது. அவரிடம் தொழில் கற்க வந்த அருமைநாயகத்துக்கோ ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெர்மனியில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர்.

அன்று அருமைநாயகத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மேடம், ஓடி வாங்க! உயிரோட எழுந்து வந்துட்டாங்க!"

திரையில் பர்மாப் போர்முனை. ஆற்றில் சிப்பாய்கள் குளிக்கிறார்கள். ஒருவர் இன்னொருவரின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்குகிறார். அமுக்குகிறவர் பெயர் லாசர். அவருடைய மகள் பிலோமினா, எண்பதைத் தாண்டியவர், பக்கத்து அறையில் காத்திருந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா அசைவதை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறார்.

"தோல்ல ஈரம் மின்னுது பாருங்க! நாணல் பச்சையைப் பாருங்க!"

"அசத்திட்டீங்க சார். ஜெர்மன்காரன் கெட்டான் போங்க!"

நசீமாவுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. திரையருகே போய், இரண்டு கைகளாலும் வானத்தை மறைத்தார்.

"இப்ப சொல்லுங்க. எல்லாரும் ஏன் கண்ணைச் சுருக்கியிருக்காங்க?"

"வெயில் மேடம்."

"கரையில நிக்கிறவர் நிழல்?"

"வெட்டி வச்ச மாதிரி விழுது. நல்ல வெயில்."

நசீமா கைகளை எடுத்தார். மேலே கருமேகம் திரண்டு நின்றது.

அருமைநாயகம் நாக்கைக் கடித்துக்கொண்டார். "பிலிம்ல வானம் வெறும் வெள்ளையா இருந்துச்சு. நான்தான் மேகம் போட்டேன்."

"எதுக்கு?"

"மறுநாள் காலையில இவங்கள்ல ஒருத்தர்கூட இல்ல மேடம். எல்லாரையும் குண்டு தூக்கிருச்சு. அவங்க தலைக்கு மேல போய் நீல வானத்தை எப்படி விரிக்கிறது? மனசு வருமா?"

நசீமா படத்தை லாசரின் முகத்தில் நிறுத்தினார். வாய் கொள்ளாத சிரிப்பு.

"இவருக்கு அது தெரியுமா சார்?"

"தம்பி, ஆச்சா?" என்று பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. "எனக்கு இருப்புக்கொள்ளல."

அருமைநாயகம் விறுவிறுவென்று மேகத்தை அழித்தார். நீலத்தை ஏற்றினார். ஆற்றில் வெயில் இறங்கியது. தெறித்த துளியெல்லாம் பளிச்சிட்டது. லாசரின் ஈர முதுகு தகதகத்தது.

"அடேயப்பா!" என்று தன்னை மறந்து கூவியவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், அந்தம்மாகிட்ட முன்னாடியே ஏதாவது சொல்லி, மனசைத் தேத்திக் கூட்டிட்டு வரணுமில்லையா? என்ன சொல்றது?"

நசீமா போய்க் கதவைத் திறந்தார்.

"வாங்கம்மா, சீக்கிரம் வாங்க. உங்கப்பா குளிச்சிட்டிருக்காரு."