நாற்பத்தொன்றாம் அடிக்குறிப்பு

"திருத்தத்தை எந்தப் பக்கத்துல போடணும், மேடம்?" என்று கேட்டான் நவநீதன்.

சட்டக் கல்லூரியில் மாணவர்களே நடத்தும் ஆய்விதழுக்கு அவன்தான் ஆசிரியர். பிழைபட்ட கட்டுரையை எழுதியவர் பேராசிரியர் ஃபிலோமினா. அவனுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தவரும் அவரே.

"வழக்கமா எங்கே போடுவீங்க?"

"கடைசிப் பக்கம். சின்ன எழுத்துல."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டே. அப்புறம் என்னை எதுக்குக் கேக்குறே?"

அவன் தலைகுனிந்தான்.

நடந்தது இதுதான். பழைய தீர்ப்பு ஒன்றிலிருந்து ஃபிலோமினா நாலு வரி எடுத்து எழுதியிருந்தார். பகையாளி ஒருவனின் சாட்சியம் மட்டுமே இருந்தாலும் தண்டிக்கலாம் என்றன அந்த வரிகள். அது நாற்பத்தொன்றாம் அடிக்குறிப்பு.

சரிபார்த்தவன் நவநீதன். தூசி படிந்த தொகுதியைத் தேடி எடுத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, பென்சிலால் டிக் போட்டான். ஒரு கமா விட்டுப்போனதைக்கூடப் பிடித்தான், மகராசன். அதற்குக் கைதட்டல் வேறு வாங்கினான்.

ஆனால் அந்த வரிகள் நீதிபதியுடையவை அல்ல. தோற்றுப்போன அரசு வக்கீலின் வாதத்தை நீதிபதி முதலில் எழுதிவைத்து, அடுத்த பக்கத்தில் அதை நிராகரித்திருந்தார்.

ஃபிலோமினா பக்கத்தைத் திருப்பவில்லை. நவநீதனும் திருப்பவில்லை.

கட்டுரையை நம்பிய மேல்முறையீட்டு நீதிமன்றம், பகையாளியின் சாட்சியத்தால் மட்டுமே தண்டிக்கப்பட்ட பேச்சிமுத்து என்பவரின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்துவிட்டது. தீர்ப்பில் தன் இதழின் பெயரைக் கண்ட பூரிப்பில் பழைய தொகுதியை மறுபடி எடுத்தபோதுதான் நவநீதனுக்கு விஷயம் தெரிந்தது. அன்றைக்கே ஃபிலோமினாவிடம் போய்ச் சொன்னான்.

"கிளம்பு" என்றார் ஃபிலோமினா.

"எங்கே, மேடம்?"

"ஜெயிலுக்கு. இன்னைக்கு மனு போட்டா அவரைப் பார்க்கலாம்."

பஸ்ஸில் அவர் சொன்னார்: "தப்பு என்னுதுன்னு கோர்ட்டுக்கு எழுதிட்டேன். வழக்கைத் திரும்ப எடுப்பாங்களான்னு தெரியல."

"உங்க பேரு கெட்டுப்போயிடுமே, மேடம்?"

"டிக்கெட் எடுத்தியா?" என்றார் ஃபிலோமினா.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் பேச்சிமுத்து வந்து நின்று இருவரையும் கும்பிட்டார். நவநீதனுக்குக் கூசியது.

"உங்க அப்பீல் தள்ளுபடி ஆனதுக்கு நாங்க காரணம்" என்றார் ஃபிலோமினா. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு அந்தப் பழைய தீர்ப்பின் நகலை நவநீதனிடம் நீட்டினார்.

"வாசி. தமிழ்ல சொல்லு."

அவன் அந்த நாலு வரியைச் சொன்னான்.

"திருப்பு."

திருப்பினான்.

"இந்த வாதத்தை ஏற்க முடியாது. பகையாளியின் சாட்சியத்தை மட்டும் நம்பி ஒருவரைத் தண்டிப்பது நியாயமாகாது."

பேச்சிமுத்து வலையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை வாசிங்க, தம்பி."

வாசித்தான்.

"இது எப்போ எழுதினது?"

"அறுபத்திரண்டுல, அண்ணாச்சி."

"நான் பொறக்குறதுக்கு முன்னாலயே எழுதி வச்சுட்டாங்களா?"

நவநீதனுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

"நான்தான் அண்ணாச்சி அதைச் சரிபார்த்தேன். ஒவ்வொரு எழுத்தா."

பேச்சிமுத்து அவனைப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சரிபார்த்தீங்க, தம்பி. படிச்சீங்களா?"